கார்டு அடிச்சாச்சு, டேப்லெட்டும் கொடுத்தாச்சு, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

#1 ஷட்டவுன்_பிளானர்

வணக்கம். நான் பராமரிப்புத் திட்டமிடலில் இருக்கிறேன். அதற்கு முன் பல வருஷம் நானும் ஸ்பேனர் பிடித்தவன்தான். அதனால் ‘ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினவன்’ என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட வேண்டாம்.

ஒரே பம்ப், ஒரே கியர்பாக்ஸ், ஒரே பழுது என்று திரும்பத் திரும்ப வந்ததால் முக்கியமான வேலைகளுக்கு ஜாப் எய்ட் (வேலை செய்யும்போதே பார்த்துக்கொள்ளும் படிக் குறிப்பு) தயாரித்தோம். மொத்தம் 38. ஒவ்வொன்றும் ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கம், படத்தோடு, லேமினேட் செய்து மெஷின் பக்கத்திலேயே கொக்கியில் தொங்கவிட்டது. அதே விஷயம் டேப்லெட்டிலும் உண்டு. மெஷினில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் படிகள் வரும், ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து லாக் எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி ஸ்கேன் ஷிப்ட் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது நடந்திருக்கிறது. இரண்டு மணி நேர வேலையின் பதினாறு படிகளுக்கும் நாற்பது செகண்டில் டிக். கொக்கியில் தொங்கும் கார்டுகள் அச்சகத்திலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் மார்க்கர் கிறுக்கலும் கிரீஸ் கறையுமாக இருந்தது. அதையும் போன மாதம் கழற்றிவிட்டுப் புது பிரின்ட் மாட்டினேன்.

இதற்கிடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மாற்றிய மெக்கானிக்கல் சீல் (பம்ப் ஷாஃப்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் பாகம்), ஸ்டார்ட் செய்த உடனேயே ஒழுகியது. கார்டைப் பார்க்காமல் செய்திருப்பார் என்று மறுபயிற்சிக்கு அனுப்பினோம்.

மேலிடம் சொல்வது: ஸ்கேன் செய்யாமல் வொர்க் ஆர்டரை (வேலைச் சீட்டை) மூட முடியாதபடி பூட்டிவிடு. எனக்கு அதில் அரை மனது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கிரீஸ்_கை

பூட்டுங்க சார். எல்லா டிக்கும் டைமுக்கு வரும். வேலை மட்டும் பழையபடி நடக்கும்.

கோவிச்சுக்காதீங்க, நாலு கேள்வி கேக்குறேன். கையில கிளவுஸ், கிளவுஸ்ல கிரீஸ், அந்த விரல் டேப்லெட்ல வேலை செய்யுமா? க்யூஆர் ஸ்டிக்கர் எங்க ஒட்டியிருக்கு, கார்டுக்கு வெளியிலயா, உள்ளயா? (மெஷினை மூடியிருக்கிற பாதுகாப்புக் கார்டைச் சொல்றேன், உங்க கார்டை இல்ல.) டிக் போட்ட டைம் யார் யாருக்குப் போகுது? கடைசியா, கார்டு எழுதும்போது எத்தனை பேர் வேலை செய்யறதப் பார்த்து எழுதுனீங்க?

#3 வெள்ளைச்சட்டை

நான் மேலாளர் தரப்பு. இங்கே யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் சொல்கிறேன்: இது ஒழுங்குப் பிரச்சினை.

1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 சோதனை விமானம் மேலே ஏறிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர் அனுபவம் மிகுந்தவர். காற்றில் ஆடாமலிருக்க வால் சுக்கான்களைப் பூட்டி வைக்கும் கொக்கியை விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததுதான் விமானிகளின் செக்லிஸ்ட். அந்த விமானம் பி-17 ஆகி ஆயிரக்கணக்கில் பறந்தது. இன்றைக்கு எந்த விமானியாவது ‘எனக்கு இருபது வருஷ அனுபவம், லிஸ்ட் வேண்டாம்’ என்பாரா? பம்ப் மெக்கானிக்குக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

#4 இறக்கைக்குக்கீழே

வெள்ளைச்சட்டை சார், நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன். விமானி உட்கார்ந்த இடத்திலேயே, பக்கத்தில் இன்னொருவர் வாசிக்க, ஒரு பக்க லிஸ்டைப் பார்க்கிறார். நான் இறக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

கார்டும் கையெழுத்தும் இருந்தால் போதும் என்பவர்களுக்கு எங்கள் தொழிலில் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1983 மே 5, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. மியாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் போன எல்-1011 விமானம். மூன்று இன்ஜினிலும் எண்ணெய் வடிந்து ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஒரு இன்ஜினை மறுபடி உயிர்ப்பித்து மியாமிக்கே திரும்பினார்கள். உள்ளே இருந்த 172 பேரும் தப்பினார்கள். காரணம், எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் சிப் டிடெக்டர்களை முந்தைய இரவு மாற்றியபோது ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போடவில்லை. மூன்று இன்ஜினிலும்!

வேலைக் கார்டில் ஓ-ரிங் படி இருந்தது. அதற்குக் கையெழுத்தும் போடப்பட்டிருந்தது. ஆனால் வழக்கமாக ஃபோர்மேன் அலமாரியில் எடுக்கும் டிடெக்டரில் ஓ-ரிங் ஏற்கெனவே மாட்டியே இருக்கும். அன்று அலமாரி காலி. ஸ்டோரிலிருந்து வந்ததில் ஓ-ரிங் இல்லை. அந்தப் படி அதுவரை அவர்கள் கைக்கு ஒரு வேலையாகவே வந்ததில்லை. வெறும் வரியாகத்தான் இருந்தது, கண் தாண்டிப் போய்விட்டது.

பூட்டு போட்டிருந்தால் அதே டிக் கம்ப்யூட்டரில் விழுந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

#5 ஷட்டவுன்_பிளானர்

கிரீஸ்_கை அண்ணா, கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளவுஸ்: வேலை செய்யாது. கழற்ற வேண்டும். ஸ்டிக்கர்: சுத்தமான இடம் என்று பார்த்து ஒட்டினோம். இன்று போய்ப் பார்த்தால் பதினொரு மெஷினில் அது மெஷின் கார்டுக்கு உள்ளே இருக்கிறது. அதாவது மெஷினை நிறுத்தி, பூட்டி, கார்டைக் கழற்றிய பிறகுதான் ‘மெஷினை நிறுத்திப் பூட்டவும்’ என்ற முதல் படியை வாசிக்க முடியும். சிரிக்க வேண்டாம்.

டைம்: சூப்பர்வைசர் ஸ்க்ரீனுக்குப் போகிறது. அது யோசித்துச் செய்ததில்லை, சாஃப்ட்வேரிலேயே அப்படி இருந்தது.

எத்தனை பேரைப் பார்த்து எழுதினேன்: ஒருவரை. மிச்சம் கம்பெனி மேனுவலும் என் ஞாபகமும்.

#6 மூணாவது_ஷிப்ட்

டைம் சூப்பர்வைசர் ஸ்க்ரீனுக்குப் போகுதுன்னு இப்பதான் சொல்றீங்க. உங்க ஆளுங்களுக்கு அது முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஸ்டாப்வாட்சுக்குக் கார்டு வேஷம் போட்டு அனுப்பினா யார் கையில எடுப்பான்?

#7 புதுசு_23

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே எழுத முதலில் தயக்கமாக இருந்தது.

எனக்கு கார்டு வேண்டும். உண்மையாகவே வேண்டும். ஆனால் எங்கள் டீமில் கார்டைக் கையில் எடுத்தால் ‘என்னடா, பரீட்சை எழுதப் போறியா’ என்பார்கள். கிண்டல்தான், கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனாலும் எடுக்க முடியவில்லை. அதனால் கார்டை போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பாத்ரூமுக்குப் போய் வாசித்துவிட்டு வருவேன். அஞ்சு படி மனப்பாடம், வந்து செய்வேன், மறுபடி போவேன். எனக்கு வயிறு சரியில்லை என்று சீனியர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

#8 கிரீஸ்_கை

தம்பி, சிரிச்சு முடிச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்துட்டேன். நாங்க அந்தக் கிண்டல் பண்ற ஆளுங்கதான்.

#9 டார்க்_ரெஞ்ச்

சின்ன விஷயம். கார்டில் டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு அளவு) எந்த யூனிட்டில் போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் முதலில் நியூட்டன் மீட்டரில் அச்சடித்தோம். டூல் ரூமில் இருந்த ரெஞ்ச் அத்தனையும் கிலோகிராம் மீட்டர். 9.81-ஆல் வகுக்கணும். ஏணி மேல் நின்றுகொண்டு யார் வகுப்பார்? ‘கை சொல்ற அளவு’ என்று இறுக்கிவிட்டு வந்தார்கள். கார்டில் இரண்டு யூனிட்டையும் போட்டபின் அந்த ஒரு கார்டு மட்டும் அழுக்காக ஆரம்பித்தது.

#10 ஆய்வுமேசை

தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதுதான் என் படிப்பு. 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் கொடுத்த மாதிரி இரண்டு கேள்வியில் நிற்கிறது: இது என் வேலைக்கு உதவுமா? இதைப் பயன்படுத்துவது சுலபமா? 2003-இல் வெங்கடேஷும் கூட்டாளிகளும் அதை விரித்து, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், தேவையான வசதிகள் இருக்கின்றனவா என்ற இரண்டையும் சேர்த்தார்கள். புதுசு_23-இன் பாத்ரூம், கிரீஸ்_கையின் கிளவுஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் எனக்கு இந்த மாதிரிகளில் ஒரு மனக்குறை உண்டு. இவை எல்லாம் கருவி சரியானது, ஏற்பதா வேண்டாமா என்பதே கேள்வி என்று எடுத்துக்கொள்கின்றன. கருவியே தப்பாக இருந்தால்? ஒதுக்கியவர்தான் சரி என்றால்?

ஜெராக்ஸ் கம்பெனியின் காப்பியர் ரிப்பேர் ஆட்களோடு ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் 1980-களில் நெடுநாள் கூடவே திரிந்தார். கம்பெனி கொடுத்த மேனுவல் ‘இந்த எரர் கோடுக்கு இதைச் செய்’ என்று வழி போட்டுக் கொடுத்தது. மெஷின்கள் அந்த வழியிலேயே பழுதாகவில்லை. ஆட்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் பழுதைக் கண்டுபிடித்தார்கள். ‘அந்த மாடல்ல ஒரு தடவை இப்படித்தான்...’ என்று ஆரம்பிக்கும் பேச்சு. வெளியிலிருந்து பார்த்தால் அரட்டை. உண்மையில் அதுதான் அவர்கள் மேனுவல்.

ஷட்டவுன்_பிளானர், உங்கள் இடத்தில் கார்டு வருவதற்கு முன் ஆட்கள் எதைப் பார்த்து வேலை செய்தார்கள்? எதையுமே பார்க்காமல் என்று சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன்.

#11 கிரீஸ்_கை

நான் சொல்றேன். கன்ட்ரோல் பேனல் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்க. மார்க்கர்ல நம்பர் எழுதியிருக்கும். எந்த ரிலே முதல்ல பாக்கணும், எந்த ஃப்யூஸ் அடிக்கடி போகும், எந்த டெர்மினல் லூஸ் ஆகும்னு. எங்க பேனல்ல மூணு தலைமுறைக் கையெழுத்து இருக்கு. கியர்பாக்ஸ் மேல சென்டர் பஞ்ச்ல அம்புக்குறி தட்டியிருக்கும், அந்தப் பக்கம்தான் சுத்தணும்னு. எங்கிட்ட ஒரு டைரி இருக்கு, அட்டை பிஞ்சு போச்சு, இன்சுலேஷன் டேப் சுத்தி வெச்சிருக்கேன். பேரிங் நம்பர், ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடு) கனம், யார் எப்ப மாத்துனது எல்லாம் அதுல.

ஜாப் எய்ட் வேண்டாம்னு யாரும் சொல்லல சார். எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அதைக் கேக்காம நீங்க புதுசா ஒண்ணு கொண்டு வந்தீங்க.

#12 வெள்ளைச்சட்டை

டைரியை நம்பி ஆலை ஓட்ட முடியாது. நீங்கள் ஓய்வு பெற்றால் டைரியும் உங்களோடு வீட்டுக்குப் போகும். பேனல் கதவில் எழுதியது இருபது வருஷத்துக்கு முன் சரியாக இருந்திருக்கலாம், அதற்குப் பிறகு வயரிங் மாறியிருந்தால்? யார் சரிபார்த்தது?

கை அனுபவத்தின் மறுபக்கத்தையும் சொல்லுங்களேன், இறக்கைக்குக்கீழே அவர்களே. 1990 சம்பவம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

#13 இறக்கைக்குக்கீழே

தெரியும், நியாயமான கேள்வி. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பறக்கும்போது கேப்டன் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், அவர் இடுப்புக்கு மேல் விமானத்துக்கு வெளியே தொங்கினார். சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார்.

கண்ணாடி மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. மாற்றியவர் ஷிப்ட் மேலாளரே. பழைய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். ஸ்டோர்காரர் வேறு நம்பர் சொல்லியும் கேட்கவில்லை. படம் போட்ட உதிரிப்பாக அட்டவணை இருந்தது, பார்க்கவில்லை.

அதனால் அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு விஷயம்: கழற்றிய பழைய போல்ட்டுகளே தப்பான அளவு. அவை அதுவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ‘இதுவரை ஓடியதே’ என்பதைவிட வலுவான ஜாப் எய்ட் எங்கள் தொழிலில் இல்லை. கார்டு போட்டியிடுவது அதோடுதான்.

#14 சொல்லாக்கி

தொழில்நுட்ப ஆவணம் எழுதுவது என் பிழைப்பு. கார்டுகள் தமிழில்தான் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கார்டின் நாலைந்து படிகளை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.

விமானத் துறையில் எளிமையாக்கிய ஆங்கிலம் என்று ஒரு விதிமுறையே இருக்கிறது, 1980-களில் தொடங்கியது. இப்போது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்பார்கள். செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். நமக்கு அந்த 20 கணக்கு அப்படியே உதவாது. தமிழில் ஒரு சொல்லிலேயே மூன்று சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் மொழிக்கு வேறு கண்ணிகள். ‘சரிபார்க்கவும்’ என்று எழுதுவோம், எதை வைத்துச் சரி என்பது என்று சொல்ல மாட்டோம். ‘போதுமான அளவு இறுக்கவும்’, ‘தேவைப்பட்டால் மாற்றவும்’ போன்றவை அறிவுரை மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘கழற்றப்பட வேண்டும்’ என்றால் யார் கழற்ற வேண்டும், நானா, எலக்ட்ரீஷியனா?

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வினையெச்சம். அதைப் பிறகு சொல்கிறேன்.

#15 ஷட்டவுன்_பிளானர்

கார்டு 17, கார்ட்ரிட்ஜ் மெக்கானிக்கல் சீல் மாற்றுதல். நடுவிலிருந்து ஐந்து படி:

9. சீலை ஷாஃப்ட் மீது தள்ளி இடத்தில் அமர்த்தவும்.
10. கிளாண்ட் நட்டுகளைக் குறுக்கு வாட்டத்தில் மாற்றி மாற்றி இறுக்கவும்.
11. செட்டிங் கிளிப்புகளைக் கழற்றி செட் ஸ்க்ரூக்களை இறுக்கவும்.
12. ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சரிபார்க்கவும்.
13. கப்ளிங் அலைன்மென்டைச் சரிபார்க்கவும்.

#16 கிரீஸ்_கை

சார். பதினொண்ணு.

கிளிப் எதுக்கு இருக்கு? ஸ்லீவும் (ஷாஃப்ட் மேல உக்கார்ற குழல்) கிளாண்டும் (பம்ப்ல போல்ட் பண்ற தட்டு) கம்பெனில வெச்ச இடைவெளியில அப்படியே நிக்கத்தான். உள்ள ஸ்ப்ரிங் அழுத்தத்துல இருக்கு. செட் ஸ்க்ரூ இறுக்கறதுக்கு முன்னாடி கிளிப்பைக் கழட்டினா ஸ்ப்ரிங் ஸ்லீவைத் தள்ளிடும். அப்புறம் நீங்க இறுக்கறது தப்பான இடத்துல. சீலோட முகம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சரியா அழுந்தாது. ஸ்டார்ட் பண்ணினா ஒழுகும்.

முதல்ல செட் ஸ்க்ரூ. அப்புறம் கிளிப். எப்பவும். கழட்டின கிளிப்பைத் தூக்கியும் போடக் கூடாது, நாளைக்கு சீலைக் கழட்டும்போது திரும்ப மாட்டணும்.

#17 சொல்லாக்கி

நான் சொல்ல வந்ததே இதுதான். ‘கழற்றி இறுக்கவும்’ என்றால் தமிழில் முதலில் கழற்று, பிறகு இறுக்கு என்றுதான் பொருள். ‘வந்து சாப்பிட்டான்’ என்றால் சாப்பிட்ட பிறகு வந்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதியவர் மனதில் ‘இரண்டு வேலை இருக்கிறது’ என்பதுதான் இருந்திருக்கும். வினையெச்சம் அதற்கு வரிசை கொடுத்துவிட்டது. ஒரு படிக்கு ஒரு வினைதான், அதுவும் முற்றுவினை. இல்லாவிட்டால் இலக்கணம் உங்களைக் கேட்காமலே வேலையை மாற்றிவிடும்.

#18 ஷட்டவுன்_பிளானர்

நேற்று பதில் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் கழற்றிய அந்த அழுக்குக் கார்டு 17-தான். மாற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன், கார்டுகள் எவ்வளவு ‘கெட்டுப்போகின்றன’ என்று மீட்டிங்கில் காட்ட. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொன்றாவது படி மேல் மார்க்கரில் வளைந்த அம்புக்குறி. கிளிப் பின்னால், ஸ்க்ரூ முன்னால். பக்கத்தில் இரண்டு எழுத்து இனிஷியல்கூட இருக்கிறது. நான் கிறுக்கல் என்று நினைத்தேன். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, புதிது மாட்டினேன். பழைய தப்போடு.

புது பிரின்ட் மாட்டி ஒன்பதாவது நாள் அந்தப் புதிய டெக்னீஷியன் சீல் மாற்றியிருக்கிறார். அன்றைக்கு லாக்கில் அவர் ஸ்கேன் மட்டும் ஷிப்ட் முடிவில் இல்லை. ஒவ்வொரு படிக்கும் இடையில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருபது. 38 கார்டில், மூன்று மாதத்தில், சொன்னபடி கார்டைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் மறுபயிற்சிக்கு அனுப்பினேன்.

#19 மூணாவது_ஷிப்ட்

அடப்பாவமே.

#20 வெள்ளைச்சட்டை

வருத்தமான விஷயம்தான். ஆனாலும் கேட்கிறேன். தப்பு என்று தெரிந்த சீனியர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? பயிற்சி நாளன்று எல்லோரும் அங்கேதானே இருந்தார்கள்?

#21 கிரீஸ்_கை

ஒருத்தர் சொன்னாரே சார். மார்க்கர்ல எழுதினது பின்ன என்ன? எங்க ஊடகம் அதுதான். மீட்டிங்ல புரொஜெக்டர் ஓடும்போது கை தூக்கி ‘பதினொண்ணு தப்பு’ன்னு சொல்ற ஆளு எங்க கூட்டத்துல கிடையாது. மெஷின்கிட்ட போகும்போதுதான் எங்களுக்குத் தப்பு கண்ணுல படும். அங்க பேனா இருந்தா எழுதுவோம். எழுதினதைத் துடைச்சா அடுத்த தடவை எழுத மாட்டோம்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். ‘கார்டு தப்பு, நமக்குத் தெரியும், நாம பாத்துக்குவோம்’னு ஒரு இளக்காரம் இருக்கு. அந்தப் பையன் கார்டைப் பாத்துச் செய்யும்போது பக்கத்துல யாராவது இருந்திருப்பாங்க. சொல்லியிருக்கலாம். சொல்லல. அது எங்க தப்பு.

#22 ஆய்வுமேசை

ஜெராக்ஸ் கதையின் மீதியை இப்போது சொல்லலாம். ஆர் கண்டதை வைத்து அதே நிறுவனத்தின் ஆய்வு மையத்தினர் 1990-களில் யுரேகா என்று ஒன்றை உருவாக்கினார்கள், முதலில் பிரான்சில். களத்தில் இருக்கும் டெக்னீஷியன் ஒரு குறிப்பு எழுதுவார். சக டெக்னீஷியன்கள் சோதித்து, சரி என்றால் ஏற்பார்கள். ஏற்றால் எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். மேனுவல் எழுதுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவில் இருந்த சுவர் அந்த இடத்தில் இல்லை. அதனால் ‘இதை எப்படி ஏற்க வைப்பது’ என்ற கேள்வியின் கூர்மையே அங்கே மழுங்கிவிட்டது.

வெள்ளைச்சட்டை கேட்ட ‘யார் சரிபார்த்தது’ என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது. பேனல் கதவு எழுத்துக்கும் யுரேகா குறிப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சோதனைதான்.

#23 சொல்லாக்கி

கூடவே ஒன்று. அமெரிக்க ராணுவம் 1951 ஜூனில் பிஎஸ் என்ற பராமரிப்பு மாத இதழைத் தொடங்கியபோது படக்கதைக்காரர் வில் ஐஸ்னரைப் பிடித்து வரையவைத்தது. மேனுவலை ஒதுக்கும் சிப்பாய்கூடப் படக்கதையைப் புரட்டுவான் என்ற கணக்கு. பேச்சு மொழி, கேலி, பெரிய பெரிய படங்கள். களத்திலிருந்து சிப்பாய்கள் கடிதம் எழுதிக் கேட்பதற்கும் அதில் இடம் இருந்தது. பல பத்தாண்டுகள் ஓடியது. உங்கள் கார்டில் கிரீஸ்_கை பேசுகிற மாதிரி ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துபோகும்? ‘கிளிப்பைத் தூக்கிப் போடாதீங்க’ என்பதை ‘அகற்றப்பட்ட கிளிப்புகள் பாதுகாக்கப்பட வேண்டும்’ என்று மாற்றியே ஆக வேண்டுமா?

#24 டார்க்_ரெஞ்ச்

டேப்லெட்டைத் தூக்கிவிட்டு ஏஆர் கண்ணாடி (ஆக்மென்டட் ரியாலிட்டி, படிகளைக் கண் முன்னாலேயே மெஷின் மேல் காட்டுவது) வாங்கலாம் என்று எங்கள் இடத்தில் ஒரு குரல் கேட்கிறது. போயிங்கில் வயரிங் வேலைக்காக டாம் காடெல் 1990-களின் தொடக்கத்திலேயே யோசித்ததுதான் அது, அந்தப் பெயரே அவர் வைத்தது. நல்ல கருவியாக இருக்கலாம். ஆனால் பதினொன்றாவது படி தப்பாக இருந்தால் கண்ணாடியிலும் தப்பாகத்தான் தெரியும், கண்ணுக்கு இன்னும் பக்கத்தில்.

#25 புதுசு_23

எங்கள் சீனியரிடம் பாத்ரூம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இந்த இழையைப் படித்த தைரியம்தான். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு அவர் பையிலிருந்து ஒரு டைரி எடுத்தார். அதிலும் இன்சுலேஷன் டேப்.

#26 ஷட்டவுன்_பிளானர்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

வொர்க் ஆர்டர் பூட்டு போடவில்லை. அதற்கு மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க எனக்கு உதவியது கார்டு 17-இன் படமும் அந்த லாக்கும்தான். டைம் சூப்பர்வைசர் ஸ்க்ரீனுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். சாஃப்ட்வேர்காரர்கள் ‘முடியாது’ என்று இரண்டு முறை சொன்னார்கள், மூன்றாவது முறை முடிந்தது. ஸ்டிக்கர்கள் வெளியே வந்தன. கிளவுஸ் பிரச்சினை இன்னும் தீரவில்லை, டேப்லெட்டுக்கு ஒரு ஸ்டைலஸ் கட்டியிருக்கிறோம், அது அடிக்கடி காணாமல் போகிறது.

38 கார்டில் 14-ஐக் கழற்றிவிட்டேன். யாருக்குமே வேண்டியிருக்கவில்லை. தினமும் செய்கிற வேலைக்குக் கார்டு வைத்தது அவமானப்படுத்துவது மாதிரிதான், இப்போது தெரிகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலை, மறந்தால் கை போகிற வேலை, இவற்றுக்குத்தான் மிச்சம். சீனியர்களுக்கு முன்பக்கத்தில் தப்பக்கூடாத நாலு அளவு மட்டும் பெரிய எழுத்தில். முழுப் படிகள் பின்பக்கத்தில்.

ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு மார்க்கர் தொங்குகிறது. எழுதியதை யாரும் துடைப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நானும் அந்தந்த ஷிப்டில் ஒரு ஆளும் போய்ப் படம் எடுத்து, மெஷின்கிட்டயே நின்று பேசி முடிவு செய்கிறோம். முதல் வாரம் இரண்டு திருத்தம். போன வாரம் ஒன்பது. அதில் மூன்று தப்பான திருத்தம், அதையும் எழுதியவரோடு நின்று பேசித்தான் தள்ளினோம். ஒன்றுக்குச் சண்டையே வந்தது. சாஃப்ட் ஃபுட் (மெஷினின் ஒரு கால் அடித்தளத்தில் சரியாக உட்காராமல் இருப்பது) பார்க்கும் படியையே நான் கார்டு 17-இல் விட்டிருந்தேன் என்பதும் இப்படித்தான் தெரிந்தது. நான் பார்த்து எழுதிய அந்த ஒருவர் ஒவ்வொரு காலாக போல்ட்டைத் தளர்த்தி டயலைப் பார்த்துவிட்டு இறுக்கினார், நான் போல்ட்டைச் சும்மா மறுபடி இறுக்குகிறார் என்று நினைத்திருக்கிறேன். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் முள் நகர்ந்தால் ஷிம் போடுவாராம். அவரைக் கேட்டால், ‘அது படியா சார்? அது எப்பவும் பண்றதுதானே’ என்கிறார்.

அந்தப் புதிய டெக்னீஷியனிடம் போய் மன்னிப்பு கேட்டேன். எல்லோர் முன்னாலும்தான், ஏனென்றால் அனுப்பியதும் எல்லோர் முன்னால்தானே. கார்டு 17-ஐ இப்போது அவர்தான் திரும்ப எழுதுகிறார், மார்க்கரில் அம்பு போட்ட சீனியர் கூட உட்கார்ந்து. வரைவில் எனக்குத் தோன்றாத ஒரு படி சேர்த்திருக்கிறார்: ‘கழற்றிய கிளிப்புகளைக் கம்பியில் கோத்து, பம்ப்பிலேயே கட்டவும்.’

#27 கிரீஸ்_கை

நல்ல படி. கம்பி ஸ்டெயின்லெஸ்னு கார்டுலயே எழுதச் சொல்லுங்க. சாதாக் கம்பின்னா ஆறு மாசத்துல துரு பிடிச்சு அறுந்து, கிளிப் எங்கயோ கிடக்கும். எங்க டைரில இருக்கு.

#28 ஷட்டவுன்_பிளானர்

எழுதிவிட்டேன். அந்த டைரியை ஒரு நாள் பார்க்க முடியுமா அண்ணா?

#29 கிரீஸ்_கை

பாக்கலாம். போட்டோ எடுக்கறதா இருந்தா முப்பத்தி ரெண்டாம் பக்கத்த மட்டும் விட்டுடுங்க, அது வீட்டுக் கணக்கு.